லைன் வண்டி என்ன சம்பாதிக்கிறது?

திண்டுக்கல்லில் ஓர் ஏஜென்சி. மளிகை, சோப்பு, தின்பண்டம் ஆகியவற்றைக் கம்பெனிகளிடமிருந்து எடுத்துக் கடைகளுக்குப் போடும் தொழில். வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு லைன். செவ்வாய்க்கிழமை சாணார்பட்டி, கோபால்பட்டி வழியாக நத்தம். வியாழக்கிழமை செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு. முந்தின நாள் ரெப் பைக்கில் போய் ஆர்டர் எடுத்துவருவார். மறுநாள் காலை குட்டியானையில் சரக்கு ஏறும். டிரைவரும் லோடுமேனும் கடை கடையாக இறக்கிவிட்டு, வசூலோடு மாலை திரும்புவார்கள்.

வண்டி ஷெட்டுக்குள் வந்ததும் முதலாளி கேட்கும் முதல் கேள்வி, “இன்னைக்கு எவ்வளவு பில்லு?” என்பதுதான். வத்தலக்குண்டு லைனில் 1,10,000 ரூபாய். நத்தம் லைனில் 64,000 ரூபாய். இதை வைத்தே, வத்தலக்குண்டு நல்ல லைன், நத்தம் சுமாரான லைன் என்று முடிவாகிவிடுகிறது. நல்ல வண்டி எந்த லைனுக்கு, திறமையான ரெப் எந்த லைனுக்கு என்பதெல்லாம் அந்த முடிவைப் பின்பற்றியே நடக்கும்.

அந்த முடிவு சரிதானா என்று பார்க்கும் வழியைச் சொல்வதே இந்த அத்தியாயம். ஊர்கள் உண்மையானவை. ஏஜென்சியும் அதன் தொகைகளும் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்ட மாதிரி. வாசகர் தன் வண்டியின், தன் கடைகளின் தொகையைப் போட்டுக்கொண்டால் இதே கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும்.

மூன்று வகைச் செலவு

லைன் செலவு என்றதும் எல்லோருக்கும் டீசல்தான் நினைவுக்கு வரும். தினமும் கையிலிருந்து போகும் காசு அது. ஆனால் ஒரு லைனின் செலவு மூன்று வழிகளில் ஏறுகிறது. காலண்டரில் நாள் நகர்ந்தாலே ஏறுவது ஒன்று. வண்டியில் கிலோமீட்டர் ஓடினால் ஏறுவது ஒன்று. கடை வாசலில் நிமிடம் ஓடினால் ஏறுவது மூன்றாவது. மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக “வண்டிச் செலவு” என்று எழுதினால், எந்த லைன் எதனால் நட்டப்படுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நிற்கும் வண்டிக்கும் செலவு உண்டு

டாடா ஏஸ் 2005இல் சந்தைக்கு வந்தது. மூன்று சக்கர வண்டி போகும் சந்துக்குள்ளும் போகும், அதைவிடக் கூடுதல் பாரம் ஏற்றும் என்பதால் தமிழ்நாட்டில் வந்த வேகத்தில் அதற்குக் “குட்டியானை” என்ற பெயர் நிலைத்தது. இன்று எந்தக் கம்பெனியின் சிறிய சரக்கு வண்டியையும் அந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள். அப்படி ஒரு வண்டியின் மாதக் கணக்கைப் பார்க்கலாம்.

வண்டி சாலைக்கு வர 6,50,000 ரூபாய் ஆனது. 6 வருடம் ஓட்டிவிட்டு 2,00,000 ரூபாய்க்கு விற்கலாம் என்று வைத்தால், 4,50,000 ரூபாய் தேய்மானம் 72 மாதங்களில் பரவுகிறது. மாதம் 6,250 ரூபாய். வண்டியில் சராசரியாக முடங்கிக் கிடக்கும் பணம் 4,25,000 ரூபாய். வருடம் 11 சதவீத வட்டியில் அது மாதம் சுமார் 3,900 ரூபாய். இன்சூரன்ஸ் வருடம் 30,000, அதாவது மாதம் 2,500. இதில் மூன்றாம் நபர் காப்பீட்டை அரசே நிர்ணயிக்கிறது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு 2022இல் அறிவித்த அடிப்படைத் தொகை 16,049 ரூபாய். எஃப்.சி., வரி, புகைச் சான்று எல்லாம் சேர்ந்து மாதம் 1,000. டிரைவர் சம்பளம் 18,000. லோடுமேன் சம்பளம் 14,000. தீபாவளிக்கு இருவருக்கும் ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்றால் அதில் மாதப் பங்கு சுமார் 2,650.

கூட்டினால் மாதம் 48,300 ரூபாய். பண்டிகை, ஒர்க்‌ஷாப், லீவு போக வண்டி 25 நாள் லைனுக்குப் போகிறது. ஆக, ஒரு நாளுக்கு 1,932 ரூபாய். வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இந்தச் செலவு ஆகிவிட்டது.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. கடன் தவணை முடிந்த வண்டியைப் பற்றி, “டியூ முடிஞ்சிருச்சு, இனி வண்டி சும்மா ஓடுது” என்பார்கள். தவணை முடிந்தாலும் வண்டி தேய்வது நிற்பதில்லை. அடுத்த வண்டி வாங்க வேண்டிய நாளும் நெருங்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது தவறு, முதலாளியோ அவர் மகனோ வண்டி ஓட்டினால் டிரைவர் சம்பளத்தை எழுதாமல் விடுவது. அப்படி எழுதாத லைன் எப்போதும் லாபம் காட்டும். ஒரு நாள் அவர் ஓட்ட முடியாமல் போய் ஆள் போடும்போதுதான் உண்மை தெரியும்.

ஓடினால் ஏறும் செலவு

கிலோமீட்டர் செலவுக்கு முதல் தேவை உண்மையான மைலேஜ். கம்பெனி சொல்வதும் டிரைவர் சொல்வதும் உதவாது. ஒரு காலையில் டேங்க்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் எல்லா லைனும் ஓடியபின் அதே பங்கில் மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். பாரத்தோடும், 30 இடத்தில் நின்று கிளம்பியும் ஓடும் வண்டியின் மைலேஜ் அப்போதுதான் தெரியும்.

மாதிரி வண்டிக்கு லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 6.20 ரூபாய். நான்கு டயர் 18,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் தாங்கும்: 0.45 ரூபாய். ஆயில், சர்வீஸ் 10,000 கிலோமீட்டருக்கு 5,000 ரூபாய்: 0.50. கிளட்ச், பிரேக், பேட்டரி, பட்டை போன்ற வேலைகள் வருடம் 24,000 கிலோமீட்டருக்கு 24,000 ரூபாய்: 1 ரூபாய். மொத்தம் 8.15 ரூபாய். டீசல் மட்டும் எழுதியவர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 ரூபாய் செலவை மறந்திருப்பார்.

டீசல் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. அதனால் அதில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆனால் சரக்கு வண்டிக்கு டயரும் உதிரிபாகமும் முறையான பில்லோடு வாங்கினால், ஜி.எஸ்.டி. பதிவுள்ள ஏஜென்சி உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம். மேலே உள்ள கணக்கில் டயர், உதிரிபாக விலையை அந்த வரி நீக்கியே போட வேண்டும். சுங்கச்சாவடி வழியாகப் போகும் லைன் என்றால் அந்தக் கட்டணத்தை அந்த லைனில் மட்டுமே எழுத வேண்டும். எல்லா லைனுக்கும் பகிர்ந்துவிடக் கூடாது.

ஒரு கடை வாசலில் 9 நிமிடம்

மூன்றாவது செலவுதான் யார் கண்ணுக்கும் படாதது. அதைப் பார்க்க ஒரு நாள் வண்டியிலேயே போய்வர வேண்டும்.

காலை எட்டரை மணி, கோபால்பட்டி. வண்டி மளிகைக் கடையைத் தாண்டிப் போய், பஸ்ஸுக்கு வழிவிட்டு, இருபதடி தள்ளி ஓரம் கட்டுகிறது. லோடுமேன் பின்கதவைத் திறக்கிறார். இந்தக் கடைக்கு வேண்டிய சோப்புப் பெட்டி உள்ளே மூன்றாவது வரிசையில் இருக்கிறது. முன்னால் இருப்பதை இறக்கி, அதை எடுத்து, இறக்கியதை மறுபடி ஏற்றுகிறார். இரண்டு நிமிடம் போயிற்று. இரண்டு நடையில் சரக்கு கடைக்குள் போகிறது. இன்னும் இரண்டு நிமிடம்.

“அண்ணே, போன வாரப் பில்லு 1,450.”

“இருப்பா, இந்த அம்மாவ அனுப்பிட்டு வாரேன்.”

பள்ளிக்கூட நேரம். பிஸ்கட்டுக்கும் பேனாவுக்கும் பிள்ளைகள் நிற்கிறார்கள். மூன்று நிமிடம் லோடுமேன் ஓரமாக நிற்கிறார். பிறகு கடைக்காரர் பெட்டியை எண்ணுகிறார், இரண்டு பாக்கெட்டில் எம்.ஆர்.பி.யும் தேதியும் பார்க்கிறார், உடைந்த ஒரு பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கிறார், பில்லில் கையெழுத்துப் போட்டு 1,400 ரூபாய் தருகிறார். “அம்பது அடுத்த வாரம் சேத்துக்க.” இதற்கு இரண்டு நிமிடம்.

மொத்தம் 9 நிமிடம். பில் 5,000 ரூபாயாக இருந்தாலும் 500 ரூபாயாக இருந்தாலும் இந்த 9 நிமிடத்தில் பெரிய மாற்றம் இல்லை. பெட்டி கூடினால் ஒரு நடை கூடும், அவ்வளவுதான். நிறுத்துவது, தேடுவது, காத்திருப்பது, எண்ணுவது, வசூல் எல்லாம் சின்ன பில்லுக்கும் அதேதான்.

இந்த நிமிடத்துக்கு விலை போடுவது எளிது. நாள் செலவு 1,932 ரூபாய், வேலை நேரம் 9 மணி, அதாவது 540 நிமிடம். நிமிடத்துக்கு சுமார் 3.58 ரூபாய். 9 நிமிடத்துக்கு சுமார் 32 ரூபாய். கடை வாசலில் வண்டி நிற்பதற்கே ஆகும் செலவு இது.

அமெரிக்காவில் பெரிய முதலீட்டோடு வந்த கம்பெனிகளைக்கூட இந்தக் கணக்கு விடவில்லை. 1998இல் நியூயார்க்கில் தொடங்கிய கோஸ்மோ, ஒரு மணி நேரத்துக்குள் சிறு பொருள்களை இலவசமாக வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஒரு பாக்கெட் தின்பண்டத்துக்கும் ஓர் ஆள் போய்வர வேண்டியிருந்தது. 2001 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். வீட்டுக்கு மளிகை கொண்டுபோன வெப்வான் 1999இல் பங்குச் சந்தையில் 37.5 கோடி டாலர் திரட்டியது. 2001 ஜூலையில் திவாலானது. இரண்டுக்கும் வாடிக்கையாளர் இருந்தார்கள், விற்பனையும் இருந்தது. ஒரு வாசலுக்குப் போய்வரும் செலவை அந்த வாசலில் கிடைத்த லாபம் தாங்கவில்லை.

இரண்டு லைனும் ஒரே தாளில்

இனி இரண்டு லைனையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். கடை வாசல் நிமிடத்தின் விலை ஒரு நாள் செலவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதோடு பேட்டா, ரெப் செலவு, கடன் வட்டி, டேமேஜ் ஆகியவற்றையும் எழுத வேண்டும்.

வத்தலக்குண்டு லைனில் 34 கடை, 96 கிலோமீட்டர். 1,10,000 ரூபாய் விற்பனையில் 60,000 ரூபாய் இரண்டே மொத்தக் கடைகளில் போகிறது. எண்ணெய் போன்ற மார்ஜின் குறைந்த சரக்கு அதிகம் என்பதால் ஏஜென்சிக்குச் சராசரியாக 4.5 சதவீதம்தான் நிற்கிறது. பணம் வந்துசேரச் சராசரியாக 28 நாள். நத்தம் லைனில் 38 கடை, 92 கிலோமீட்டர். தின்பண்டம், மசாலா, சோப்பு அதிகம் போவதால் மார்ஜின் 7 சதவீதம். அடுத்த வாரம் வண்டி போகும்போதே பணம் வந்துவிடுகிறது, அதாவது 7 நாள்.

வத்தலக்குண்டு லைன்:
மார்ஜின்: 4,950
வண்டி, சம்பளம் (ஒரு நாள்): 1,932
ஓட்டம் (96 கி.மீ.): 782
பேட்டா: 300
ரெப் செலவு: 700
கடன் வட்டி (28 நாள், வருடம் 12%): 1,013
கம்பெனி ஏற்காத டேமேஜ், ரிட்டர்ன்: 550
செலவு மொத்தம்: 5,277
நட்டம்: 327

நத்தம் லைன்:
மார்ஜின்: 4,480
வண்டி, சம்பளம் (ஒரு நாள்): 1,932
ஓட்டம் (92 கி.மீ.): 750
பேட்டா: 300
ரெப் செலவு: 700
கடன் வட்டி (7 நாள், வருடம் 12%): 147
கம்பெனி ஏற்காத டேமேஜ், ரிட்டர்ன்: 320
செலவு மொத்தம்: 4,149
லாபம்: 331

46,000 ரூபாய் குறைவாக விற்கும் நத்தம் லைன், ஒரு நடைக்கு 658 ரூபாய் கூடுதலாகத் தருகிறது. கிலோமீட்டரில் பெரிய வித்தியாசம் இல்லை, டீசலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் பெரும்பாலும் மார்ஜின் சதவீதத்திலும் கடன் நாளிலும் இருக்கிறது. பில் தொகையை மட்டும் பார்த்த முதலாளிக்கு இவை இரண்டுமே தெரியாமல் போயின.

கடன் வட்டியை எழுதும் பழக்கம் பல ஏஜென்சிகளில் இல்லை. சொந்தப் பணம்தானே என்பார்கள். சொந்தப் பணமானாலும், அது கடைக்காரரிடம் 28 நாள் இருக்கும்போது கம்பெனிக்குச் சரக்குக்கான பணம் கட்ட வங்கி ஓ.டி.யிலிருந்தோ வெளிக்கடனிலிருந்தோ எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வட்டி மாதக் கடைசியில் வேறு ஏதோ தலைப்பில் போய்விடுவதால், அது வத்தலக்குண்டு லைனின் செலவு என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

எவ்வளவு பில் வந்தால் கட்டுப்படியாகும்?

வத்தலக்குண்டு லைனில் 4.5 சதவீத மார்ஜினிலிருந்து கடன் வட்டி 0.92, டேமேஜ் 0.50 போனால் 3.08 சதவீதம் மிஞ்சும். 100 ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது 3 ரூபாய் 8 பைசா. இதை வைத்து இரண்டு எல்லைக்கோடு போடலாம்.

முதல் கோடு, கடை வாசலில் நிற்பதற்கான 32 ரூபாய். அதைச் சம்பாதிக்க ஒரு கடை சுமார் 1,050 ரூபாய்க்கு வாங்க வேண்டும். அதற்குக் கீழே வாங்கும் கடை, வண்டி நின்ற நேரத்துக்குக்கூடக் காசு தரவில்லை.

இரண்டாவது கோடு லைன் முழுவதற்கும் ஆனது. வண்டி, ஓட்டம், பேட்டா, ரெப் எல்லாம் சேர்ந்து 3,714 ரூபாய். 34 கடைக்குப் பகிர்ந்தால் கடைக்கு 109 ரூபாய். அதை எடுக்கச் சராசரி பில் சுமார் 3,550 ரூபாய் வேண்டும். இப்போதைய சராசரி 3,235 ரூபாய். லைன் மொத்தம் 1,20,600 ரூபாயைத் தொட்டால்தான் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்ற நிலைக்கு வரும்.

இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கும் கடைகளை, உதாரணமாக 2,000 ரூபாய் பில் போடும் கடையை, வெட்டிவிடக் கூடாது. அது தன் நேரத்துக்கான காசைத் தந்து, வண்டியின் பொதுச் செலவிலும் ஒரு பங்கைத் தாங்குகிறது. முதல் கோட்டுக்குக் கீழே இருக்கும் கடைகளைத்தான் கவனிக்க வேண்டும். அங்கேயும் முதல் மருந்து நிறுத்துவது அல்ல. வாரம் 600 ரூபாய்க்கு வாங்கும் கடைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால் பில் 1,200 ஆகும், கடையும் கையைவிட்டுப் போகாது.

கிளைச்சாலை

நத்தம் லைனில் மெயின் ரோட்டிலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமம், அங்கே மூன்று கடை. போகலாமா? போய்வர 8 கிலோமீட்டர், 65 ரூபாய். ஓடும் நேரம் 16 நிமிடம், 57 ரூபாய். மூன்று கடையில் நிற்பதற்கு 97 ரூபாய். மொத்தம் 219 ரூபாய். நத்தம் லைனில் கடன் வட்டியும் டேமேஜும் போக 6.27 சதவீதம் நிற்பதால், மூன்று கடையும் சேர்ந்து சுமார் 3,500 ரூபாய்க்கு வாங்கினால் கட்டுப்படியாகும். ரெப் அந்த மூன்று கடையிலும் ஒரு நடை கேட்டுவிட்டு வந்தால் பதில் கிடைத்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வண்டி தினமும் மூன்று மணிக்கே ஷெட்டுக்குத் திரும்பிச் சும்மா நிற்கிறது என்றால், கிளைச்சாலைக்குப் போகும் நிமிடங்களுக்கு விலை இல்லை, ஓட்டச் செலவு 65 ரூபாய் மட்டும்தான். நேர்மாறாக, இருட்டிவிட்டதால் கடைசி ஐந்து கடைக்குச் சரக்கு போடாமலே வண்டி திரும்புகிறது என்றால், அந்த நிமிடத்தின் உண்மை விலை 3.58 ரூபாயைவிட அதிகம். இழந்த ஐந்து பில்லின் லாபமே அதன் விலை.

பாதையைச் சுருக்குவது

எந்தக் கடைக்கு முதலில், எதற்குக் கடைசியில் என்ற கேள்வி பார்ப்பதற்குச் சின்னதுதான். ஆனால் பத்தே பத்துக் கடை இருந்தாலும் அவற்றை 36,28,800 விதமாக வரிசைப்படுத்தலாம். 1959இல் ஜார்ஜ் டான்ட்ஸிக், ஜான் ராம்ஸர் என்ற இருவர், ஒரு கிடங்கிலிருந்து பல பெட்ரோல் பங்குகளுக்கு லாரிகளை எப்படி அனுப்பினால் தூரம் குறையும் என்பதைக் கணிதச் சிக்கலாக எழுதினார்கள். 1964இல் கிளார்க், ரைட் இருவரும் காகிதத்திலேயே போடக்கூடிய எளிய வழி ஒன்றைக் கொடுத்தார்கள். அது குட்டியானை லைனுக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஷெட்டிலிருந்து ஓர் ஊர் 20 கிலோமீட்டர், இன்னோர் ஊர் 24 கிலோமீட்டர், இரண்டுக்கும் நடுவே 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தனித்தனி நாளில் போய்வந்தால் 40, 48, ஆக 88 கிலோமீட்டர். ஒரே நாளில் சுற்றிவந்தால் 20, 10, 24, ஆக 54. மிச்சம் 34. இந்த மிச்சத்தைக் கண்டுபிடிக்க, ஷெட்டிலிருந்து உள்ள இரண்டு தூரத்தையும் கூட்டி, ஊர்களுக்கு இடையிலான தூரத்தைக் கழித்தால் போதும். இரண்டிரண்டு ஊராக எடுத்து இந்த மிச்சத்தை எழுதி, பெரிய மிச்சம் தரும் ஜோடிகளை முதலில் ஒரே லைனில் சேர்க்க வேண்டும். வண்டியின் பாரமும் 9 மணி நேரமும் தாங்கும்வரை சேர்த்துக்கொண்டே போகலாம். பழைய லைன்கள் பெரும்பாலும் யார் எப்போது வாடிக்கையாளர் ஆனார் என்ற வரிசையில் உருவானவை. இப்படி ஒருமுறை போட்டுப் பார்த்தால், ஒரே சாலையில் இருக்கும் இரண்டு ஊருக்கு இரண்டு வேறு நாளில் வண்டி போவது கண்ணில் படும்.

அமெரிக்காவின் யு.பி.எஸ். கம்பெனி டிரைவர்களின் பாதையைக் கணினி வழியே அமைக்க ஓரியன் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு டிரைவரும் நாளுக்கு ஒரு மைல் குறைத்தால் வருடத்துக்கு 5 கோடி டாலர் வரை மிஞ்சும் என்பது அந்தக் கம்பெனி சொன்ன கணக்கு. அதன் வண்டிகள் இடப்பக்கம் திரும்புவதைக் கூடியமட்டும் தவிர்க்கின்றன. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் எதிரே வரும் வண்டிகள் ஓய, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். நம் ஊரில் அந்தத் தொல்லை வலப்பக்கத் திருப்பத்தில் வரும். அதனால் போகும்போது சாலையின் இடப்பக்கக் கடைகள், திரும்பும்போது மறுபக்கக் கடைகள் என்று பிரித்தால் சாலையைக் குறுக்கே கடக்கும் வேலை குறையும்.

இருந்தாலும் தூரம் மட்டுமே பார்த்து வரிசை போடக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடைக்கு எட்டரை மணிக்குப் போனால் காத்திருப்பது மட்டும்தான் மிஞ்சும். பத்து மணிக்குப் போனால் அதே கடையில் 6 நிமிடத்தில் வேலை முடியும். காலையில் கல்லாவில் காசு இல்லாத கடைக்கு மாலையில் போனால் பாக்கி இல்லாமல் வசூலாகும். இது எந்த மென்பொருளுக்கும் தெரியாது, டிரைவருக்கும் லோடுமேனுக்கும் தெரியும். வரிசை போடும்போது அவர்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

லைனை நிறுத்துவதற்கு முன்

நட்டம் 327 ரூபாய் என்று தாளில் பார்த்ததும் வரும் முதல் எண்ணம், “வத்தலக்குண்டை நிறுத்திருவோம்” என்பது. இந்த இடத்தில்தான் பெரிய இழப்பு நேர்கிறது.

நிறுத்தினால் எந்தச் செலவு உண்மையில் நிற்கும்? ஓட்டம் 782, பேட்டா 300, கடன் வட்டி 1,013, டேமேஜ் 550. மொத்தம் 2,645 ரூபாய். வண்டியின் தேய்மானமும் இன்சூரன்ஸும் நிற்காது. மாதச் சம்பளத்தில் இருக்கும் டிரைவர், லோடுமேன், ரெப் மூவருக்கும் வியாழக்கிழமைச் சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். போகிற மார்ஜினோ 4,950 ரூபாய். ஆக, நட்டத்தில் ஓடும் லைனை நிறுத்திய அன்று முதல் ஏஜென்சி ஒவ்வொரு வியாழக்கிழமையும் 2,305 ரூபாய் கூடுதலாக இழக்கும்.

அந்த நாளில் வேறு ஊருக்கு வண்டி போய், ஓட்டம், பேட்டா, வட்டி, டேமேஜ் கழித்து 2,305 ரூபாய்க்கு மேல் கொண்டுவருமானால் நிறுத்தலாம். வண்டியையே விற்று ஆளையும் குறைக்கும் அளவுக்கு லைன்கள் குறைகின்றன என்றாலும் நிறுத்தலாம். இரண்டும் இல்லையென்றால் லைனைத் திருத்துவதுதான் வழி.

முதல் திருத்தம் கடன் நாள். 28 நாளை 14 ஆக்கினால் வட்டி 1,013இலிருந்து 506 ஆகும். வண்டி ஓர் அடிகூடக் குறைத்து ஓடாமல், 327 ரூபாய் நட்டம் 180 ரூபாய் லாபமாக மாறும். 60,000 ரூபாய்க்கு வாங்கும் இரண்டு மொத்தக் கடைகளும் இதற்குச் சம்மதிக்க வேண்டும். அவர்களுக்கு ரொக்கத் தள்ளுபடி கொடுக்க இடம் இருக்கிறது. அவர்கள் 28 நாள் வைத்திருக்கும் பணத்துக்கான வட்டி 552 ரூபாய். கைமேல் பணம் தந்தால் அரை சதவீதம், அதாவது 300 ரூபாய் தள்ளுபடி என்றாலும் ஏஜென்சிக்கு 252 ரூபாய் மிச்சம். பணம் வராமல் போகும் பயமும் இல்லை.

இரண்டாவது, 1,050 ரூபாய்க் கோட்டுக்குக் கீழே உள்ள ஆறு கடைகள். வாரம் மூன்று கடை என்று மாற்றி மாற்றிப் போனால், விற்பனை குறையாமல் ஒரு நடைக்கு 27 நிமிடம் மிஞ்சும். அந்த நேரத்தில் மெயின் ரோட்டிலேயே, தலா 2,000 ரூபாய்க்கு வாங்கக்கூடிய மூன்று புதிய கடைகளைச் சேர்த்தால் 6,000 ரூபாய் விற்பனை கூடும். கடன் 14 நாளாகிவிட்டதால் இப்போது கையில் நிற்பது 3.54 சதவீதம். அதில் 212 ரூபாய். லைனின் லாபம் 392 ரூபாய், நத்தம் லைனைவிட அதிகம்.

நான்கு வார நோட்டு

இந்தக் கணக்குக்கு வேண்டிய தகவல் முழுவதும் ஒரு நோட்டுக்குள் அடங்கும். வண்டி டேஷ்போர்டில் அந்த நோட்டு இருக்க வேண்டும். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பக்கம். மேலே கிளம்பிய மீட்டர், கிளம்பிய நேரம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரி: வந்த நேரம், புறப்பட்ட நேரம், பில் தொகை, வசூல், பாக்கி, ரிட்டர்ன். கீழே திரும்பிய மீட்டர், திரும்பிய நேரம்.

ஒரு வாரக் கணக்கு போதாது. நான்கு வாரம் வேண்டும், அதுவும் சாதாரண வாரங்களாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரமும் பொங்கல் வாரமும் எல்லா லைனையும் லாபமாகக் காட்டும். நத்தத்தில் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா நடக்கும் வாரமும், மாம்பழக் காலத்தில் ஊரில் காசு புழங்கும் வாரங்களும் அப்படித்தான். அவற்றைத் தனியே குறித்து வைத்துக்கொண்டு, சாதாரண வாரத்தின் சராசரியை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

எழுதும் வேலை டிரைவர், லோடுமேன் தலையில் விழுகிறது. நேரம் எழுதச் சொன்னால், தங்களை வேவு பார்ப்பதாக அவர்கள் நினைப்பது இயல்பு. நோட்டைக் கொடுக்கும்போதே காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். எந்தக் கடையில் காக்கவைக்கிறார்கள், எங்கே வண்டி நிறுத்த இடமில்லை என்று தெரிந்தால் அவர்கள் மாலையில் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். 9 நிமிடத்தில் 2 நிமிடம், முதலாளி ஷெட்டில் தாறுமாறாகச் சரக்கு ஏற்றச் சொன்னதால் போனது என்பதும் அந்த நோட்டில்தான் தெரியவரும்.

டீசல் விலை மாறினாலோ, சம்பளம் உயர்ந்தாலோ, கம்பெனி மார்ஜினைக் குறைத்தாலோ அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி, எல்லைக்கோடுகளை மறுபடி போட வேண்டும். மாதிரி வண்டியில் டீசல் லிட்டருக்கு 3 ரூபாய் ஏறினால் கிலோமீட்டருக்கு 20 காசு, வத்தலக்குண்டு நடைக்கு 19 ரூபாய். கடன் ஒரு நாள் கூடினால் அதே நடைக்கு 36 ரூபாய். ரெப் கடைக்காரரிடம் பேசப் போகும்போது இந்த இரண்டு தொகையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு வாரம் முடிந்த பிறகு வரும் வியாழக்கிழமை, ஏற்றும் வேலையே மாறியிருக்கும். புது வரிசைப்படி பில்கள் அடுக்கப்பட்டிருக்கும். கடைசியாக இறங்க வேண்டிய வத்தலக்குண்டு மொத்தக் கடைகளின் பெட்டிகள் முதலில் ஏறி உள்பக்கம் போகும். முதலில் இறங்க வேண்டிய செம்பட்டிக் கடைகளின் சரக்கு கதவோரம் நிற்கும். அந்த வாரம் முறை இல்லாத மூன்று சின்னக் கடைகளின் பெயருக்கு நேரே, “அடுத்த வாரம்” என்று ரெப் எழுதியிருப்பார்.